விற்காத மனைகளின் பூங்கா

பூங்கா என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். மனை விற்கிறவர்கள் லேஅவுட்டின் மூலையில் எதற்கும் உதவாத ஒரு முக்கோணத் துண்டைப் பிடித்து, ஒரு சறுக்குமரமும் இரண்டு சிமெண்ட் பெஞ்சும் போட்டு, சுற்றிலும் கம்பி வேலி அடித்து, 'சிறுவர் பூங்கா' என்று போர்டு வைத்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து பதினோரு வருடமாக அந்தப் பூங்காக்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரு குழந்தை அதில் சறுக்கி நான் பார்த்ததில்லை. சறுக்குமரத்தின் காலில் மாடு கட்டியிருப்பார்கள். ஆகவே, ஸ்பெயினில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை உங்களை ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குப் பெரிய ஆவல் ஒன்றும் வரவில்லை. அறையில் இருந்து துணி துவைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

நான் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிறவள், கியூசி என்பார்கள். கார்க் கதவின் உள்பக்கத்தில் கை படுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பாகம் இருக்கிறதே, அதை டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கட்டை விரலால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவுவேன். பிசிறு, குழி, கீறல், எது தட்டுப்பட்டாலும் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைப்பேன். ஒட்டாமல் விட்டால் அது சரியான பாகம், பெட்டிக்குள் போய்விடும். ஒரு பாகத்துக்கு முப்பது நொடிக்கு மேல் கிடையாது. புதிதாக வருகிற ஒரு மாடலுக்காக என்னையும், டூல் ரூமில் அச்சுகளைப் பழுது பார்க்கும் ஓர் அண்ணனையும் மூன்று வாரம் பார்சிலோனாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு விமானம் ஏறினோம்.

இந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. கல்யாணமான முதல் வருடம் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. திரைச்சீலையின் தையல் ஒரு பக்கம் அரை இன்ச் இறங்கியிருக்கிறது என்பேன். கல்யாண ஆல்பத்தில் ஒரே போட்டோவை இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று முதல் தடவை புரட்டும்போதே சொன்னேன். என் கணவர் ஆசையாக வாங்கிவந்த மர பீரோவின் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று அது வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவரும் நானும் முன்பு ஒரே லைனில் வேலை செய்தவர்கள். அதனால் வெளியாட்கள் முன்னால் வாங்க, போங்க. வீட்டுக்குள் வா, போ. பீரோவை இறக்கிவைத்த அன்று அவர், "வூட்டுக்கு வந்தா அந்த கியூசி கோட்ட கழட்டி வெச்சிட்டு வா. எனக்கு தினம் இன்ஸ்பெக்‌ஷன் வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முகம் மட்டும் சிறுத்துப்போயிருந்தது.

நான் பிடிவாதக்காரி. வாயைத் திறந்தால் மூட மாட்டேன், மூடினால் திறக்க மாட்டேன். அன்றோடு மூடினேன். அவர் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பேன். ஸ்கூட்டரின் நிறம், பாயா கட்டிலா, தீபாவளிப் புடவை, எல்லாம் அவர் இஷ்டம். ஏழு வருடத்தில் எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் மற்ற எட்டுக் குடித்தனமும் எங்களை உதாரணம் காட்டித்தான் பேசும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மனை வாங்கியதும் அப்படித்தான் நடந்தது. சித்திரை மாத வெயிலில் ஏசி வேன் வைத்து எங்களைக் கூட்டிப்போனார்கள். ஒரகடம் போகும் வழியில், ஒரு கிராமத்து ஏரிக்குப் பின்பக்கம். நுழைவாயிலில் ஆர்ச், இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை, உள்ளே புதுத் தார்ச்சாலை, ஷாமியானாவுக்கு அடியில் எலுமிச்சை ஜூஸ், மத்தியானம் பிரியாணி. வந்தவர்கள் எல்லாம் பிரியாணியைப் பார்த்தார்கள். என் கண் கல்லைப் பார்த்தது. எல்லைக்கு நட்டிருந்த கற்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை ஓடியது. எல்லாக் கல்லிலும் ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அங்கங்கே கோரைப்புல்லைச் செதுக்கியெடுத்த தடம். தண்ணீர் நிற்கிற இடம் என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது நொடிகூடத் தேவைப்படவில்லை.

யாரோ ஒருவர் மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருடம் மட்டும் கொஞ்சம் நின்றது, அந்த வருடம் எங்கேதான் நிற்கவில்லை என்று விற்கிறவர் திருப்பிக் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவர் ஜூஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பீரோ வந்த நாளுக்குப் பிறகு பார்த்ததில்லை. உன் இஷ்டம் என்றேன்.

அதற்குப் பிறகும் எனக்குச் சந்தர்ப்பங்கள் இருந்தன. மார்கழியில் மூன்று நாள் மழை விட்ட பிறகு, முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, தனியாக நடந்துபோய்ப் பார்த்தேன். ஆர்ச் நின்றது, யானைகள் நின்றன, தார்ச்சாலை பாதி தூரம் போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. எங்கள் மனையின் எல்லைக் கல்லில் எழுதியிருந்த நம்பர் முழுகியிருந்தது. அதன் தலையில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

தை பிறந்து தண்ணீர் இறங்கியதும், நான் விமானம் ஏறுவதற்கு முன்பே பூமி பூஜை போட்டோம். ஈசானிய மூலையில் ஒரு முழம் பள்ளம் தோண்டியதும் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் பூஜைப் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். மந்திரம் சொன்னவர் கங்கையே வந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவரும் கும்பிட்டார். செங்கல்லுக்கு மஞ்சள் தடவி அந்தத் தண்ணீருக்குள் இறக்கிவைத்ததே நான்தான். அடுத்து வந்த வாஸ்து நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில் ஜேசிபி வந்து கடைக்கால் தோண்டுவதாக ஏற்பாடு. கல் லோடுக்கும் சொல்லியாகிவிட்டது. தோண்டிவிட்டால் பிறகு திரும்ப முடியாது. நாங்கள் இருவரும் பதினைந்து வருடம் கட்டப்போகிற கடன் அந்தக் களிமண்ணுக்குள் இறங்கிவிடும். பூங்காவுக்குப் போன ஞாயிறு, அந்தத் திங்களுக்கு முந்தின நாள்.

பூங்கா ஒரு மலைமேல் இருந்தது. கீழே நகரம் இரைந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் கார், பஸ், ஆள் கூட்டம். மேலே போகிற தெரு அவ்வளவு செங்குத்து. ஆனால் தெருவிலேயே, திறந்த வெளியில், நகரும் படிக்கட்டு போட்டிருந்தார்கள். டூல் ரூம் அண்ணன் அதில் ஏறி நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் துணி காயப்போட்டிருந்த மாடி வீடுகளைப் பார்த்து, தெருவுக்கே லிப்ட் வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் தெருவுக்குத் தண்ணீரே வாரத்தில் இரண்டு நாள்தான் என்றார். அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். தண்ணீர் இல்லாமல் எந்தப் பேச்சையும் முடிக்க மாட்டார்.

நுழைவுச் சீட்டில் நேரம் போட்டிருந்தது. அந்த நேரத்துக்கு அரைமணிக்குள் உள்ளே போய்விட வேண்டுமாம். எங்களுக்கு அது பழக்கமான விஷயம். இருபது நிமிடம் முன்னதாகவே போய் வாசலில் வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பயிற்சி அம்மாள் சாவகாசமாக ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு சின்னக் கட்டடங்கள், கூரை வளைந்து நெளிந்து, தோசை மாவை ஊற்றினது போல வழிந்திருந்தது. நடுவில் படிக்கட்டு. படியின் நடுவே வண்ண ஓட்டுத் துண்டுகள் பதித்த பெரிய பல்லி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதனோடு படம் எடுத்துக்கொள்ள அவ்வளவு நெரிசல். எங்கள் முறை வந்தபோது அண்ணன் பல்லியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

பயிற்சி அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் ஓயாமல் பேசுகிறவர், ஆங்கிலத்தை எங்களைப் போலவே உடைத்து உடைத்துப் பேசுவார், அதனால் நன்றாகப் புரியும். அவர்தான் இந்தப் பூங்காவின் கதையைச் சொன்னார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பணக்காரர் இந்த மலையை மொத்தமாக வாங்கி, பணக்காரர்களுக்கு வீட்டு மனை போட்டு விற்க நினைத்தாராம். பெரிய கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடித்து, முதலில் மதில், வாசல், பாதை, படிக்கட்டு, சந்தை கூடுவதற்கு ஒரு மண்டபம் எல்லாவற்றையும் கட்டினார்களாம். ஊருக்குத் தூரம், வண்டி வசதி கிடையாது, போட்ட நிபந்தனைகளும் அதிகம். மனை விற்கவே இல்லை. இரண்டே வீடுதான் வந்தது. அதில் ஒன்றில் அந்தக் கலைஞரே குடிவந்துவிட்டாராம். கடைசியில் நகராட்சி வாங்கிப் பூங்காவாக்கிவிட்டது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். அவர்கள் வாசலில் கட்டின இரண்டு கட்டடம் எங்கள் ஊரின் ஆர்ச். படிக்கட்டில் கிடக்கிற பல்லி எங்கள் சிமெண்ட் யானை. பிரியாணி போட்டார்களா என்று மட்டும் அந்த அம்மாள் சொல்லவில்லை. உலகம் முழுக்க இருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, விலை போகாத லேஅவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குத் தமிழில் சொன்னதும் அவரும் சிரித்தார். இவ்வளவு உயரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது கஷ்டம், அதனால்தான் வாங்க மாட்டேன் என்றிருப்பார்கள் என்றார்.

படியேறினால் அந்தச் சந்தை மண்டபம். தடித்தடியாகத் தூண்கள். எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். மண்டபத்தின் கூரைக்கு மேலே பரந்த திடல். அதற்குப் போகப் பக்கத்தில் வழி இருக்கிறது. திடலைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஒரே நீள பெஞ்ச். அது முழுக்க உடைந்த ஓட்டுத் துண்டுகள், தட்டுத் துண்டுகள், நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை, ஒன்றோடொன்று சேராத வடிவங்களாகப் பதித்திருந்தார்கள். ஒரு வேலையாளை ஈரச் சாந்தில் உட்காரவைத்து அச்செடுத்துத்தான் பெஞ்சின் வளைவைத் தீர்மானித்தார்கள் என்று ஒரு கதையும் உண்டாம். அண்ணன் அதை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அச்சு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது என்று சான்று கொடுத்தார்.

நானும் உட்கார்ந்தேன். எதிரே நகரம், அதற்கு அப்பால் கடல். தலைக்கு மேலே பச்சைக் கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின. இதையெல்லாம் பார்க்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். என் கட்டை விரல் அதுபாட்டுக்கு பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு நீலத் துண்டு அசைந்தது. அழுத்தினால் உள்ளே போய் வந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. ஜெர்கின் பைக்குள் எப்போதும் ஒரு கீற்று ஸ்டிக்கர் கிடக்கும். ஒன்றை உரித்து, அம்பின் முனை சரியாக அந்தத் துண்டைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சீருடை போட்ட காவல்காரப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். உரக்கப் பேசவில்லை, ஆனால் வேகமாகப் பேசினாள். ஸ்டிக்கரைக் காட்டினாள், பெஞ்சைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பயிற்சி அம்மாள் ஓடிவந்து சமாதானம் சொன்னார். அண்ணன் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, வந்த எடத்துலயும் டூட்டி பாக்கியளா?" என்று கேட்டார்.

பயிற்சி அம்மாள் எனக்கு நிதானமாக விளக்கினார். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது. அதோடு, இந்தப் பெஞ்சில் இருப்பதெல்லாமே உடைந்ததுதான். ஓட்டுத் தொழிற்சாலைகளில் கழித்துப்போட்ட துண்டுகளை வாங்கிவந்து பதிக்கச் செய்திருக்கிறார் அந்தக் கலைஞர். மொத்தமும் ரிஜெக்ட் என்று எங்கள் பாஷையிலேயே சொன்னார். உடைந்தது என்பதற்காக நான் ஒட்டவில்லை, ஆடுகிறது என்று ஒட்டினேன் என்றேன். அவர் அதை அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, தன் கட்டை விரலால் அந்த நீலத் துண்டை அழுத்தினாள். அது உள்ளே போய் வந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு ஸ்டிக்கரைப் பொறுமையாக உரித்தெடுத்தாள், பசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், போனை எடுத்து அந்த இடத்தைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். போகும்போது திரும்பவும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. திட்டினது திட்டினபடி இருக்கட்டும், துண்டைப் பார்த்துவிட்டாள் இல்லையா. ஊர்பேர் தெரியாத ஒருத்தியிடம் நூறு பேர் முன்னால் திட்டு வாங்கியும் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. காதின் சூடுகூடத் தணிந்துவிட்டது. வீட்டில் ஒரு மனுஷன் முகம் சிறுக்குமே என்று பத்து மாதமாக ஒரு குளத்தை மறைத்துவைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

கீழே மண்டபத்துக்கு இறங்கி வந்தோம். மேலே அவ்வளவு பெரிய திடல் இருக்கிறதே, பெய்கிற மழை எங்கே போகும் என்று பயிற்சி அம்மாளிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. இதை யாரும் கேட்பதில்லை என்றார். திடலின் மண்ணில் வடிந்து, இந்தத் தூண்களுக்கு உள்ளேயே குழாய் வழியாக இறங்கி, நாங்கள் நின்றுகொண்டிருந்த தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் சேர்கிறதாம். தொட்டி நிரம்பினால் மிச்சம் அந்தப் பல்லியின் வாய் வழியாக வெளியே போகுமாம். நான் ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. விலைபோகாத மனைதான், ஆனாலும் போட்டவர் முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துவிட்டுத்தான் மற்றதைக் கட்டியிருக்கிறார். எங்களுடையதில் அதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் நான். நான் பேசாமல் இருந்தேன்.

அங்கே பகல் பன்னிரண்டு. ஊரில் மாலை நாலரை ஆகியிருக்கும். அண்ணன் பேத்திக்குக் கீ செயின் வாங்கப் போனார், பயிற்சி அம்மாளும் துணைக்குப் போனார். நான் தூணில் சாய்ந்துகொண்டு வீடியோ கால் போட்டேன்.

என் கணவர் உடனே எடுத்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் வேர்வை, மனையில்தான் நின்றுகொண்டிருந்தார். பூங்காவைக் காட்டச் சொன்னார். போனைத் திருப்பி மண்டபத்தைச் சுற்றிக் காட்டினேன். "இன்னா இவ்ளோ தூண் கீது, கோயிலா?" என்று கேட்டார். பிறகு, நீ இதைப் பார் என்று அவர் பக்கம் திருப்பினார். மேஸ்திரி குனிந்தபடி சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே போனார். சாம்பல் நிறக் களிமண்ணில் அந்த வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. என் கணவர் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து காட்டினார். இது ஹால், இது ரூம், இங்கே சமையலறை. "உன் ஜன்னல கெழக்கு பக்கம் வெச்சிட்டேன். காலைல ஷிப்டுக்கு கெளம்புறப்போ உனக்கு வெளிச்சம் வரும்."

அதைக் கேட்டதும் போனை வைத்துவிடலாமா என்று தோன்றியது. வேறொரு நாளாக இருந்தால் நன்றாக இருக்கிறது, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கீ செயின் கடைக்குப் போயிருப்பேன்.

"நாளைக்கு ஜேசிபி வர வேணாம்னு சொல்லிடு," என்றேன்.

"ஏன்?"

"அங்க தண்ணி நிக்கும்."

அவர் சிரித்தார். பூஜையன்று ஊறினதைச் சொல்கிறாயா, அது நல்ல சகுனமாயிற்றே என்றார். நான் மார்கழியில் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்கியது, தார்ச்சாலை தண்ணீருக்குள் போனது, கல்லின் நம்பர் முழுகியிருந்தது. கொக்கைக்கூட விடவில்லை. அவர் சிரிப்பு மெல்ல நின்றது. பின்னால் மேஸ்திரி கோடு போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

"மார்கழியில பாத்தியா? பாத்துட்டா பூஜைக்கு வந்து ஒக்காந்த?"

"அதுக்கும் முன்னாடியே தெரியும். வாங்க வந்த அன்னிக்கே கல்லுல கறை இருந்துச்சு. பாத்தேன்."

போனை முகத்துக்கு நேரே பிடிக்க மறந்துவிட்டார். திரையில் அவர் செருப்பும், செருப்பில் ஒட்டியிருந்த களிமண்ணும்தான் தெரிந்தன. திட்டப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நான் உன்னைக் கேட்டேன் இல்ல," என்றார். "எனக்கும் அன்னிக்கு மனசுல லேசா ஒரு டவுட்டு இருந்துச்சு. அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன். உன் கண்ணுக்குத் தப்பு படாம போவாதே. நீ ஒண்ணும் சொல்லல. அப்போ நல்ல எடம்தான்னு கையெழுத்து போட்டேன்."

எனக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்ததும் தூணை விட்டு நிமிர்ந்து நின்றேன். நான் சொல்ல நினைத்து வைத்திருந்தது ஒரே பதில்தான். அதைச் சொன்னேன். "வூட்ல இன்ஸ்பெக்‌ஷன் வேணாம்னு நீதானே சொன்ன."

"நானா? எப்போ?"

பீரோ வந்த அன்றைக்கு என்றேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், எனக்கு அந்த முகம் தெரியும். அவருக்கு நினைவே இல்லை. பீரோ வந்தது ஞாபகம் இருக்கிறது, கதவு சரியாக மூடாமல் ஆசாரியை வைத்து இழைத்தது ஞாபகம் இருக்கிறது, தான் என்ன சொன்னோம் என்பது ஞாபகம் இல்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் என்றார்.

மண்டபத்துக்குள் பிள்ளைகளோடு ஒரு சுற்றுலாக் கூட்டம் நுழைந்தது. தூண்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். அவர் மேஸ்திரியிடம், இன்றைக்கு இவ்வளவு போதும், ஜேசிபிக்காரருக்கு நானே போன் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்வது கேட்டது. ஏன் எதற்கு என்று மேஸ்திரி கேட்டதற்கு, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று பதில் சொன்னார். பிறகு அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள், சமையலறை என்று காட்டின இடத்தில், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏழு வருசமா நீ ஒண்ணுமே சொல்றதில்ல," என்றார். "நான் பண்றதெல்லாம் உனக்கு புடிச்சிருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூணுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். ஸ்கூட்டரின் நிறம், கட்டில், தீபாவளிப் புடவைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் வாங்கிவந்து அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வேற இன்னா இன்னா கீது?" என்று கேட்டார்.

"ஊருக்கு வந்து சொல்றேன்," என்றேன்.

"இல்ல," என்றார். "இப்பவே சொல்லு."